கல்லும் கச்சேரியும்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு எங்கே செல்வது என்னும் வினா, சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர் இல்லங்களில் வாரந்தோறும் எழுவதாகும். அமெரிக்க நாட்டில் சிலர் கைக்கொள்ளும் உலா முறையொன்றை இம்மாதம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்து, அதனை நம் விவேக் நகர்க் குடும்பங்களுக்கு ஏற்ற வண்ணம் மாற்றிக் காட்ட விழைகின்றோம்.

அந்நாட்டின் மாநிலங்கள் கவுண்டி என்னும் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. டெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் 254 கவுண்டிகள் உள. ஒவ்வொன்றின் தலைநகரிலும் ஒரு நீதிமன்ற மாளிகை உண்டு. பெரும்பாலும் ஊர் நடுவே உயர்ந்து நிற்கும். இம்மாளிகைகளை ஒவ்வொன்றாய்க் கண்டு கணக்கு வைப்போர் பலர். அவருட் சிலர் போகும் வழியில் ‘ஜியோகேச்சிங்’ என்னும் புதையல் விளையாட்டையும் ஆடுகின்றனர். ஒருவர் சிறு பெட்டியொன்றை மறைத்து வைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வெளியிடுவார். மற்றவர் செயற்கைக்கோள் கருவியின் துணையால் அதனைக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் ஏட்டில் கையொப்பமிட்டு மீண்டும் வைத்துவிடுவார். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுப்பவர், அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைத்தல் வேண்டும் என்பது விதி. செயற்கைக்கோள் குறிப்புகளின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வந்த அமெரிக்க அரசு, 2000 மே மாதத் தொடக்கத்தில் அத்தடையை நீக்கிற்று. ஓரிரு நாட்களுக்குள் டேவ் உல்மர் என்பார் ஆரிகன் மாநிலத்தில் முதற் புதையலை வைத்தார்.

இவ்விளையாட்டை இங்கு அப்படியே ஆடுதல் ஆகாது. நீதிமன்ற மதிலோரம் கேட்பாரற்ற பெட்டி கிடந்தால் காவலர் ஓடிவருவர், வருவதே முறையுமாகும். ஆயினும் பெட்டியில்லாப் புதையல்களும் அவ்விளையாட்டில் உண்டு. குறித்த இடத்தை அடைந்து, அங்கு கண்டால்தான் விடை தெரியும் வினாவுக்கு விடை கூறினாற் போதும். இத்தகைய புதையல்களை முன்னோர் நமக்கென்றே கல்லில் வைத்துப் போயுள்ளனர்.

நம் பேட்டை ஏறத்தாழ வடக்கே 12 பாகை 57 நிமிடத்திலும், கிழக்கே 77 பாகை 37 நிமிடத்திலும் உள்ளது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். இக்கணக்கைச் சிறுவர்க்குச் சொல்லிக்கொடுத்து, கைப்பேசியை அவர்களிடமே தந்து வழிகாட்டச் செய்க. முதலில் தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலுக்குச் செல்க. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் அவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் வழங்கப்படுகின்றது. 1270-ஆம் ஆண்டளவிலான கல்வெட்டொன்று, வாயிலுக்கு நிலைக்கால் இரண்டு அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. மடிவாளம் சோமேசுவரர் கோயிற் சுவரிலோ 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழுள்ள நிலம் கொடையாகத் தரப்பட்டதைச் சொல்கின்றது.

அக்கால எழுத்து இன்றைய அச்செழுத்தன்று. புள்ளி பெரும்பாலும் இராது. எனினும் க, ட, ப, ம போன்றவை உற்று நோக்கின் புலப்படும். ஐந்து எழுத்துகளை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு பரிசு என அறிவித்துப் பாருங்கள். வீட்டில் தமிழ்ப் பாடம் என்றதும் ஓடும் பிள்ளையும் சுவரை விட்டு நகர மாட்டாது.

அடுத்து அட்டாரா கச்சேரி. இந்துஸ்தானியில் அட்டாரா என்பது பதினெட்டு. திப்பு சுல்தானின் அரண்மனையில் நடைபெற்ற அரசின் பதினெட்டு அலுவலகங்களுக்கென, கமிஷனர் பௌரிங் காலத்தில் 1864-இல் தொடங்கி 1868-இல் முடிக்கப்பட்ட செந்நிற மாளிகை அது. இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அங்கே அமைந்துள்ளது. அதனைக் கட்டும் ஒப்பந்தத்தை ஏற்று முடித்தவர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழர். இளமையில் வறுமையுற்ற அவர், ஈட்டிய பொருளால் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் எழுத்துகளில் அவர் பெயர் இன்றும் வாழ்கின்றது. 1980-களில் இம்மாளிகையை இடிக்க எண்ணம் எழுந்தபோது, அதனை எதிர்த்த வழக்கு இம்மாளிகையிலேயே நடைபெற்றது. விடுமுறை நாளில் கப்பன் பூங்காப் பக்கம் நின்று கண்டு களிக்கலாம்.

ஒரு நாள் முழுதும் ஒதுக்க இயலுமாயின் பழைய மதராஸ் சாலை வழியே கோலார் செல்க. மாவட்ட நீதிமன்றம் உள்ள ஊர் அது. அங்குக் கோலாரம்மன் கோயிலில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. குவலாலம் என்பது அவ்வூரின் பழம்பெயர்.

கல்லையும் கச்சேரியையும் ஒரே உலாவில் சேர்ப்பதன் காரணம் யாதெனில், இரண்டும் ஒரே தொழிலைச் செய்கின்றன. இன்னார் இன்ன நிலத்தை இன்னதற்குக் கொடுத்தார் என்னும் சொல், கொடுத்தவர் மறைந்த பின்னும் பிறழாதிருக்க வேண்டும். அன்று அதனைக் கல் காத்தது. இன்று பத்திரமும் நீதிமன்றமும் காக்கின்றன. வாடகை வீட்டில் ஒப்பந்தத் தாளை நம்பி வாழும் நமக்கு இதன் அருமையைப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்க் கல்வெட்டைக் கண்டதும் ‘இவ்வூர் நம்முடையது’ என மார்தட்டுவது பேதைமை. பெங்களூர் என்னும் பெயரைத் தாங்கிய மிகப் பழைய கல்வெட்டு, பேகூரில் உள்ள 890-ஆம் ஆண்டளவிலான கன்னடக் கல்வெட்டே. பிள்ளைகளுக்கு அதனையும் காட்டுக. கன்னடம் கற்ற பிள்ளை அதிலும் எழுத்துகளைத் தேடட்டும். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலால் இந்நகரில் தமிழ்க் குடும்பங்கள் பட்ட துயரம் மறக்கற்பாலதன்று. அதே காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் தீராத வழக்கு மன்றத்தில்தான் தீரும் என்பதையும் பிள்ளைகள் அறிதல் நன்று. கல்வெட்டு நமக்குத் தருவது உரிமைப் பட்டா அன்று. இருமொழியாரும் இம்மண்ணில் ஏரி வெட்டி, கோயில் எடுத்து, கொடை வழங்கி வாழ்ந்தனர் என்னும் சாட்சியையே அது தருகின்றது.

அச்சாட்சி அழிந்து வருவதே நம் கவலை. பி. எல். ரைஸ் 1905-இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அவர் கண்ட கற்கள் பல இன்று இல்லை. சாலை விரிவிலும் கட்டட வேலையிலும் மறைந்தன. எஞ்சியவை சில சுண்ணாம்பும் வண்ணமும் பூசப்பெற்றுள்ளன. 1909-இல் தோன்றிய மிதிக் சொசைட்டி, எஞ்சிய கற்களைக் கருவியால் படியெடுத்துக் காத்து வருகின்றது. ஆகவே எழுத்து தெரியும்பொருட்டுக் கல்லில் மாவோ சுண்ணமோ தேய்த்தல் வேண்டா. பக்கவாட்டில் விளக்கொளி பாய்ச்சினாற் போதும், எழுத்து எழுந்து நிற்கும். கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லைக் கண்டால் இடக்குறிப்போடு படமெடுத்து அறிந்தோர்க்குத் தெரிவிக்க.

பெட்டியிலுள்ள ஏட்டுக்குப் பதிலாக வீட்டில் ஒரு குறிப்பேடு வைத்து, சென்ற நாள், இடம், கண்ட எழுத்து ஆகியவற்றைப் பிள்ளைகளே எழுதட்டும். எடுத்ததற்கு ஈடாய் ஒன்று வைக்க வேண்டும் என்பதன்றோ அவ்விளையாட்டின் விதி? இந்நகரில் பிழைப்பை எடுத்துக்கொண்ட நாம், அதன் கற்களைக் காக்கும் கண்களையேனும் வைத்துச் செல்வோமாக.