உணரி சொல்லும், கேட்பது யார்?

மலேசியா ஏர்லைன்ஸ் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350 விமானக் கட்டமைப்பின் எடையில் பாதிக்கு மேல் உலோகம் அல்ல. கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய கூட்டுப்பொருள் அது. படிவம் நான்கு வேதியியலில் நம் மாணவர்கள் படிக்கும் அதே கூட்டுப்பொருள்தான். மலாக்கா பத்து பெரெண்டாமிலும் கெடா புக்கிட் காயு ஹீத்தாமிலும் விமானங்களுக்கான இத்தகைய உறுப்புகளைச் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆகவே இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

எடை குறைவு, வலிமை அதிகம், துருப்பிடிக்காது. இத்தனை நன்மைகளோடு ஓர் ஆபத்தும் உண்டு. உலோகத்தில் அடிபட்டால் நெளிவு கண்ணுக்குத் தெரியும். கூட்டுப்பொருளின் மீது ஒரு ஸ்பேனர் கைதவறி விழுந்தால், மேலே பெரிய அடையாளம் ஏதுமின்றி உள்ளே அடுக்குகள் பிரிந்துபோகலாம். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல, நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டி, ஓசையைக் கொண்டு குறை கண்டறியும் முறை இன்றும் உண்டு. மீயொலிக் கருவிகளும் உண்டு. ஆனால் இவை எல்லாம் விமானம் தரையில் நிற்கும்போது செய்யும் சோதனைகள்.

அதனால்தான் பொருளைச் செய்யும்போதே அதற்குள் கம்பியில்லா உணரியைப் பதித்துவிட ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். வெப்பம், அழுத்தம், இழுவிசை ஆகியவற்றை அது உள்ளிருந்தே சொல்லும். கேட்க எளிது, செய்வது கடினம். விமான உறுப்புகள் ஏறக்குறைய 180 பாகை செல்சியஸ் சூட்டில் இறுகுகின்றன. உணரி அதைத் தாங்க வேண்டும். உள்ளே புதைந்தபின் பேட்டரி மாற்ற முடியாது. டச் அண்ட் கோ அட்டையைப் போல, வெளியே உள்ள கருவி அனுப்பும் அலையிலிருந்தே மின்சக்தி பெறும் உணரி இதற்கு ஒரு வழி. கண்ணாடி இழை வானொலி அலையை உள்ளே விடும். மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் இழையோ அதைத் தடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, உணரி சற்றுப் பெரிதாக இருந்தால் அதைச் சுற்றியே விரிசல் தொடங்கலாம். காவலுக்கு வைத்தவனே கதவைத் திறந்துவிட்ட கதைதான்.

இவை பொறியியல் சிக்கல்கள். உழைத்தால் தீரும். எனக்குக் கவலை தருவது வேறொன்று.

2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கச் சென்ற ‘டைட்டன்’ நீர்மூழ்கிக் கலம் நொறுங்கி ஐவர் இறந்தனர். அந்தச் சிதைவு கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் தரையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய 380 மடங்கு. கலத்தின் சுவர் கார்பன் இழையால் ஆனது. அதில் ஓசையையும் இழுவிசையையும் அளக்கும் உணரிகள் இருந்தன. அவை சுவருக்குள் புதைக்கப்பட்டவை அல்ல. ஆனால் வேலை ஒன்றுதான். 2022 ஜூலையில் ஒரு பயணம் முடிந்து மேலே வரும்போது பலத்த வெடியோசை கேட்டது. அதன் பிறகு உணரிகளின் அளவுகள் மாறியிருந்ததை அமெரிக்க அதிகாரிகளின் விசாரணை வெளிக்கொண்டு வந்தது. கருவி தன் கடமையைச் செய்தது. இருந்தும் அதே கலத்தில் மனிதர்கள் மீண்டும் கடலுக்குள் இறங்கினார்கள்.

உணரி எச்சரிக்கும், தடுக்காது. எண்ணைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். படித்ததை மேலதிகாரியிடம் சொல்லும் துணிவு வேண்டும். சொன்னதும் வேலையை நிறுத்தும் விதி வேண்டும். இந்த மூன்றும் இல்லாத இடத்தில், விலை உயர்ந்த உணரியும் விபத்துக்குப் பிறகு படிக்கும் குறிப்பாகவே முடியும்.

நம் பள்ளிகளில் அறிவியல் விழாவுக்கு ஆர்டுவினோ பலகையும் உணரியும் கொண்டு வெள்ள எச்சரிக்கைக் கருவி, புகை எச்சரிக்கைக் கருவி என்று மாணவர்கள் செய்வது மகிழ்ச்சி தருகிறது. விளக்கு எரிந்தது, மணி அடித்தது என்பதோடு பெரும்பாலும் விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் அறிக்கையில் இன்னும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்த அளவைத் தாண்டினால் ஆபத்து? அந்த அளவை எப்படி முடிவு செய்தீர்கள்? மணி அடித்தால் யார், என்ன செய்ய வேண்டும்?

இயற்பியலும் வேதியியலும் மின்னியலும் சந்திக்கும் இத்துறையில் நம் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. பல்கலைக்கழகம் வழியாகவும் போகலாம். தொழிற்கல்லூரி வழியாகவும் போகலாம். எந்த வழியில் போனாலும், அந்த மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கம் பள்ளியிலேயே தொடங்கட்டும்.