எண்ணிக்கைப் பிழையா?

அம்பிகாபதி கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் பெருமூச்சு விடுவார்கள். கம்பன் மகன் சோழன் மகளைக் காதலிக்கிறான். சிற்றின்பம் கலக்காமல் 100 பாடல் பாடினால் அவள் அவனுக்கு; தவறினால் தலை போகும் என்கிறான் மன்னன். காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, 99 முடிந்ததுமே எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்டதும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. அடடா, ஒன்றே ஒன்று குறைந்துவிட்டதே!

தமிழ் முதுகலை படித்த நாட்களில், காப்புச் செய்யுள் கணக்கில் சேராது என்பதற்கு இந்தக் கதையைத்தான் வேடிக்கையாக உதாரணம் காட்டுவோம். கல்வெட்டில் தேடினால் கிடைக்காத வாய்மொழிக் கதை இது. ஆனாலும் குற்றவாளி யார் என்பதில் நமக்குச் சந்தேகமே வந்ததில்லை. அவசரக்காரி அமராவதி.

புனேயில் சாங்விக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு மராத்திய அம்மாளுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். காப்புச் செய்யுளை விளக்கவே பாதி நேரம் போயிற்று. பொறுமையாகக் கேட்டவர், "அது இருக்கட்டும், பாட்டுக்குத் தலையைப் பணயமாகக் கேட்டவன் யார்?" என்றார். அவர்கள் ஊர்க் கதையில் இந்தக் குழப்பம் இல்லை. பேஷ்வா முதலாம் பாஜிராவ் வெளியூரில் இருந்தபோது மஸ்தானியைக் காவலில் வைத்தது அவருடைய சொந்தக் குடும்பம். 1740 ஏப்ரலில் நர்மதைக் கரையில் அவர் இறந்தார். விரைவிலேயே அவளும் போய்ச் சேர்ந்தாள். புனே மாவட்டம் பாபலில் அவள் கல்லறை இருக்கிறது. பிரித்தவர்கள் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

எல்லிஸ் ஆர். டங்கன் 1937-லும் ப. நீலகண்டன் 1957-லும் எடுத்த 'அம்பிகாபதி' படங்களில் நாயகன் தப்பவில்லை. தனுஷ் நடித்த 'ராஞ்ஜனா' 2013-ல் அதே பெயரில் தமிழுக்கு வந்தபோதும் நாயகன் இறந்தான். ஆனால் 2025 ஆகஸ்ட் 1 அன்று அந்தப் படம் மீண்டும் திரைக்கு வந்தபோது, செயற்கை நுண்ணறிவின் தயவால் அவன் கண் விழித்துவிட்டான். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள்.

படைப்பாளியின் உரிமை பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. மூலத்தில் செத்தவனை மொழிபெயர்ப்பில் பிழைக்க வைத்தால் லாபம் அவனுக்கில்லை. அவனைச் சாவுக்கு அனுப்பியவர்களுக்குத்தான். பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

அந்தப் படம் வருவதற்கு 5 நாள் முன்பு, ஜூலை 27 அன்று, பாளையங்கோட்டையில் தலித் மென்பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் சகோதரர் கைதானார். இத்தகைய கொலை ஒவ்வொன்றுக்குப் பிறகும், 'அந்தப் பெண் வீட்டில் பக்குவமாக எடுத்துச் சொல்லியிருக்கலாமே' என்று ஒரு குரல் எழும். கனிவான குரல்தான். ஆனால் அதுவும் எண்ணிக்கைப் பிழையைப் பற்றிய அந்தப் பழைய பெருமூச்சுதான்.

அமராவதி சரியாகவே எண்ணியிருக்கட்டும். நூறும் முடிந்திருக்கட்டும். மகளைத் தர மனமில்லாத மன்னனிடம் அடுத்த நிபந்தனை தயாராக இருந்திருக்காதா?