வேன்ல போன் வச்சு வேகம் பார்த்தா தப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

போன மாசம் பினாங்கிலிருந்து பத்துமலைக்கு வேன்ல போனோம். பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல பாட்டிமார். முன் சீட்ல இருந்த நான் போன்ல ஜிபிஎஸ் வேகம் பார்த்தேன். தாப்பா தாண்டினதும் 128. நெடுஞ்சாலையில அனுமதி 110. மெதுவா சொன்னேன். "என் மேல நம்பிக்கை இல்லையா தம்பி?"ன்னு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

நல்ல மனுஷன். பல வருஷமா நம்ம ஆலயத்துக்கு ஓட்டுறவர். ஆனாலும் நான் அளந்தது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். வண்டி மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும். போன்ல 128ன்னா மீட்டர்ல அதுக்கும் மேல!

சரி, மிச்சம் என்ன? தூரம் சுமார் 350 கிலோமீட்டர். 110ல் போனா 3 மணி 10 நிமிஷம். 130ல் போனா 2 மணி 40. அந்த அரை மணியை தாப்பா ஓய்விடத்துல தேத்தண்ணி குடிச்சே தீர்த்துட்டோம். ஆனா 130ல் பிரேக் போட்டா வண்டி நிக்கிற தூரம் 110ஐ விடக் கிட்டத்தட்ட 40 விழுக்காடு கூடுது.

2025 ஜூன் 9, கெரிக் பக்கத்துல நடந்த பேருந்து விபத்துல 15 உப்சி மாணவர்கள் போயிட்டாங்க. அதுக்கப்புறம் அக்டோபர்லேர்ந்து பேருந்து, லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கினாங்க. நம்ம மாதிரி சின்ன வேன் அந்தக் கணக்குல வராது. கேமரா இருக்கேன்னு சொல்வீங்க. அது எங்க இருக்குன்னு வேஸ் முன்னாடியே சொல்லிடுது, அங்க மட்டும் 110, தாண்டினா பழையபடி மிதி.

இதுல அண்ணனை மட்டும் சொல்றது நியாயமில்ல. காலையில அஞ்சு மணிக்குக் கிளம்ப வேண்டியது, ஆறேகால் ஆக்கினது நாமதான். பால்குடச் சாமானை மறந்துட்டுத் திரும்பிப் போனது யாருன்னு கேட்காதீங்க (நான்தான்). "அபிஷேகத்துக்கு நேரமாச்சு, கொஞ்சம் மிதிங்கண்ணே"ன்னு பின் சீட்லேர்ந்து குரல் வந்தப்போ நானும் சிரிச்சேன்.

அதனால என் கருத்து இதுதான். அடுத்த பயணத்துக்கு வேன் பேசும்போதே, போன் முன்னாடி இருக்கும், வேகம் பதிவாகும்னு ஓட்டுநர்கிட்ட மரியாதையா சொல்லிடணும். இறங்கினதும் அவர்கிட்டயே காட்டணும், குழுவுல போட்டு அவமானப்படுத்தக் கூடாது. ஒத்துக்காதவர்னா வேற வேன். அபிஷேக நேரத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிக் கேட்கணும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் இதைப் பேசப் போறோம். அண்ணனையும் கூப்பிட்டிருக்கேன், வர்றேன்னு சொல்லியிருக்கார்.