தடை ஏட்டில், சரக்கு வீட்டில்

சூதாடுவதற்கு முன்னாளில் ஓர் இடம் வேண்டியிருந்தது. ஊர்ப்புறத்துத் தோப்பு, மனமகிழ் மன்றம் என்று பலகை மாட்டிய மாடியறை, பந்தயத் திடல் என எங்கேனும் சூதாடி தேடிச் செல்ல வேண்டும். செல்பவனை நாலு பேர் காண்பார்கள். கண்ட செய்தி வீட்டை எட்டும். பெரியவர்கள் அழைத்துக் கண்டிப்பார்கள். 1930-ஆம் ஆண்டின் சென்னைச் சூதாட்டச் சட்டமும் அத்தகைய இடத்தை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது.

இன்று சூதுக்கு இடம் தேவையில்லை. அது கைப்பேசி வடிவில் நம் பிள்ளையின் தலையணைக்கடியில் உறங்குகிறது. இஷாத் தொழுகை முடிந்து வீடு அடங்கிய பின்னர் அது விழித்துக்கொள்கிறது. வாப்பா வளைகுடாவில் வெயிலில் நின்று ஈட்டி அனுப்பிய பணம், உம்மா அறியாமலே ஒரு விரல் தீண்டலில் கரைகிறது. அதே கைப்பேசியின் வழியாகவே மின்சிகரெட்டும் வருகிறது. எழுதுகோல் போன்ற உருவம். மாம்பழ வாசனை, புதினா வாசனை. உள்ளே நிக்கோட்டின் என்னும் நச்சு. புத்தகப் பைக்குள் அதைக் கண்டெடுக்கும் தாய், இது எழுதும் பொருளென்றே எண்ணித் திரும்ப வைத்துவிடக் கூடும்.

இவ்விரண்டிற்கும் எதிராகச் சட்டம் இல்லையா? உண்டு; நிறையவே உண்டு. மின்சிகரெட்டைத் தமிழ்நாடு 2018-இலேயே தடை செய்தது. 2019-இல் நாடு முழுமைக்குமான தடைச் சட்டம் வந்தது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவும் குற்றம். இணைய விற்பனையும் அதில் அடக்கம். முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். இவ்வளவு இருந்தும், தடுக்கப்பட்ட பொருள் அஞ்சற்பொதியாக வாசற்படிக்கு வந்து சேருகிறதென்றால், சட்டம் ஏட்டில் உறங்குகிறது என்பதன்றி வேறென்ன பொருள்?

சூதாட்டச் சட்டத்தின் கதை இன்னும் நெடியது. 2021-இல் தமிழக அரசு கொணர்ந்த திருத்தச் சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்ட் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. பின்னர் ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் அதனை 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிட்டியது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ரம்மியையும் போக்கரையும் அதன் பிடியினின்று விடுவித்தது. 2025-இல் ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்திற்குத் தடை என்ற விதிகள் வந்தன. ஜூன் திங்களில் நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை ஆட்டமாயினும் அதிர்ஷ்ட ஆட்டமாயினும் பணம் வைத்து இணையத்தில் நடத்துவதையே தடுக்கும் சட்டத்தை இயற்றியது. நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவனுக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை, அது நியாயமே. வலையில் விழுந்த மீனைத் தண்டித்துப் பயனென்ன?

இத்தடைகளை எதிர்ப்போர் மூன்று வாதங்களை முன்வைக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ரம்மி திறமையின்பாற்பட்டது என்பது. 1968-இல் உச்சநீதிமன்றம் அவ்வாறு கூறியதென்று ஓயாது ஓதுகிறார்கள். கூறியது உண்மை. ஆனால், அதே தீர்ப்பில், ஆட்டத்தை நடத்துபவர் அதிலிருந்து ஆதாயம் பெறுவாரானால் குற்றம் ஏற்படக்கூடும் என்றும் கூறப்பட்டிருப்பதை ஏன் மறைக்கிறார்கள்? செகந்தராபாத்தில் ஒரு மன்றத்தில் நேருக்கு நேர் அமர்ந்து ஆடியவர்களைப் பற்றியது அவ்வழக்கு. ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கெடுத்துக் கொழுக்கும் நிறுவனங்கள் அத்தீர்ப்பின் நிழலில் ஒதுங்குவது எவ்வகை நேர்மை? 1957-இலேயே சூதாட்டம் அரசியலமைப்பு காக்கும் வணிகமன்று என்று அதே நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டதையும் இவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

இரண்டாவது, வரி வருவாய் போய்விடும் என்பது. 2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது; 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மதுவும் சூதும் சிலருக்குச் சில பயன் தரலாம், அவற்றின் கேடோ பயனினும் பெரிது என்ற உண்மையைத் திருக்குர்ஆன் நமக்கு என்றோ உணர்த்திவிட்டது. திருக்குறளும் கள்ளுண்ணாமையையும் சூதையும் அடுத்தடுத்த அதிகாரங்களில் வைத்தே கண்டிக்கிறது. குடும்பத்தின் கண்ணீரை அளந்து கருவூலத்தில் சேர்ப்பது ஆட்சிக்கு அழகாகுமா?

மூன்றாவது, தடை செய்தால் ஆட்டம் மறைவில் நடக்கும், வெளிநாட்டுத் தளங்களுக்கு மக்கள் ஓடுவர் என்பது. இதை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. 2003-இல் தமிழகத்தில் லாட்டரி தடை செய்யப்பட்ட பின்னரும் கள்ளச்சீட்டு முற்றாக ஒழியவில்லை. ஆயினும், பேருந்து நிலையந்தோறும் தோரணமாய்த் தொங்கிய சீட்டுகள் மறைந்தன. கூலி வாங்கிய கை வழியிலேயே வெறுங்கையாவது பெரிதும் குறைந்தது. திருடன் சுவரேறிக் குதிக்கிறான் என்பதற்காகக் கதவையே கழற்றி வைப்பாரில்லை. சுவரை உயர்த்துவதே அறிவுடைமை.

எவ்வாறு உயர்த்துவது? பணம் செல்லும் வழியை அடைக்க வேண்டும். வங்கிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் சூதுத் தளங்களுக்குப் பணம் செல்லும் முக்கிய வழிகள். மின்சிகரெட்டைச் சுமந்து வரும் பொதிச் சேவையினரும், அதன் விளம்பரத்தைத் தாங்கும் சமூக ஊடகங்களும் பதில் சொல்லியாக வேண்டும். மூலைக்கடைக்காரனைப் பிடித்துப் படமெடுத்து வெளியிடுவதோடு கடமை முடிந்ததாகாது. விளம்பரத்தின் வலிமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பணம் கட்டிப் போட்டியிடும் ஒரு செயலியின் பெயர் 2023 முதல் 2025 வரை இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. நாட்டின் அணியே நெஞ்சில் சுமந்த பெயரைப் பத்து வயதுப் பாலகன் தீயதென்று எவ்வாறு அறிவான்?

அரசை நோக்கி நீட்டிய விரலை இனி நம்மை நோக்கியும் திருப்ப வேண்டும். ஹராம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததென்று நம் சமுதாயம் எண்ணுகிறது. பிள்ளையோ, தான் ஆடுவது சூதென்றே அறியாமல், விளையாட்டு என்றே எண்ணுகிறான். ஜும்ஆ மேடையில் செயலியின் தந்திரத்தை விளக்கிச் சொன்னாலல்லவா அவனுக்குப் புரியும்? இழந்தபின் மானத்திற்கு அஞ்சி மறைக்கிறான். மறைத்த கடன் வட்டியாய் வளர்கிறது. வட்டி, நகையை விழுங்கிய பின் உயிரையும் கேட்கிறது. மானத்தைப் பெரிதென்று போற்றும் நம் வீடுகளில், தவறிய பிள்ளை வாய்திறந்து சொல்ல ஓர் இடமாவது இருக்க வேண்டாமா? அவ்விடம் வீட்டில் இல்லையெனில், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணையாவது அவன் அறிந்திருக்கட்டும்.

ஜமாஅத்துகள் திருமணப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் இத்தகைய கடனில் அமிழ்ந்த குடும்பங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்றும் ஆலோசனையும் தர முன்வர வேண்டும். சட்டத்தை இயற்றியவர்கள் அதை நடத்திக் காட்ட வேண்டும். நடத்தத் தவறினால் கேட்கும் உரிமை வாக்களித்த நமக்குண்டு. அதை எழுத்தில் கேட்போம், சட்டமன்ற உறுப்பினரின் வாயிலில் நின்றும் கேட்போம்.