பிரிவினைக்கு வழி சமஷ்டியா? பெல்ஜியம் சாட்சி சொல்லட்டும்

சமஷ்டி என்ற சொல் காதில் விழுந்தவுடனே, "ஐயோ, நாடு துண்டாடப்படுகிறதே!" என்று கூக்குரலிடுவோர் எங்கும் உளர். அவர்கள் தமக்குச் சாட்சியாக அழைத்து வருவது பெல்ஜியத்தை. 2010ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் 541 நாட்கள் புதிய மந்திரிசபை அமையாது கிடந்த நாடு அது. சமஷ்டியின் இலட்சணம் இதுவே என்கின்றனர். நல்லது. சாட்சியை அவர்கள் அழைத்துவிட்டார்கள். குறுக்கு விசாரணை செய்யும் உரிமை நமக்குண்டு.

முதற் கேள்வி: பெல்ஜியம் சமஷ்டியாகவா பிறந்தது? இல்லை. 1830இல் ஒல்லாந்து மன்னனின் ஆட்சியை உதறியெறிந்து, 1831இல் அரசியலமைப்பை வகுத்துக்கொண்ட அந்நாடு ஒற்றையாட்சி நாடாகவே பிறந்தது. வடக்கே பிளாண்டர்ஸில் ஒல்லாந்த மொழி பேசும் பிளெமிஷ் மக்கள்; தொகையில் அவர்களே அதிகம். தெற்கே வலோனியாவில் பிரெஞ்சு மொழி. எம்மொழியையும் உபயோகிக்கலாம் என்று அரசியலமைப்பு அழகாக எழுதிவைத்தது. ஆனால் சட்டமும் நீதிமன்றமும் இராணுவமும் கந்தோரும் பிரெஞ்சிலேயே நடந்தன. ஏட்டிலே சுதந்திரம், நாட்டிலே ஒருமொழி ஆதிக்கம்! வாக்குரிமையோ வரி செலுத்திய சிலருக்கே இருந்தது. ஆகவே தொகையில் அதிகம் என்பதுகூடப் பிளெமிஷ் கமக்காரனுக்குக் கைகொடுக்கவில்லை.

இதன் விளைவு என்ன? 1860இல் ஜான் கூக், பீட்டர் கூத்தால்ஸ் என்ற இரு பிளெமிஷ் தொழிலாளர் கொலைக் குற்றத்துக்காக ஷார்லருவா நகரிலே சிரச்சேதம் செய்யப்பட்டனர். அவர்கள் குற்றவாளிகளா, அல்லரா என்ற சர்ச்சைக்குள் நாம் புகவில்லை. விசாரணை நடந்த மொழி பிரெஞ்சு; அவர்களுக்கோ அம்மொழி சரிவரத் தெரியாது. அதுவே பிளெமிஷ் மக்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. தன் உயிரைக் கேட்கும் வழக்கு எவ்வாறு நடக்கிறதென்று விளங்காமல் கூண்டிலே நிற்பவனுக்கு நீதி எங்கே?

பிளாண்டர்ஸின் குற்றவியல் நீதிமன்றங்களில் மக்களின் மொழிக்குச் சட்டம் இடமளித்தது 1873இல். 1893இல் ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. செல்வருக்கு மேலதிக வாக்குகள் இருந்தும், ஐந்தே ஆண்டுகளில், 1898இல், சட்டங்களின் இரு மொழி வாசகங்களும் சம அந்தஸ்துப் பெற்றன. கென்ட் பல்கலைக்கழகம் ஒல்லாந்த மொழிக்கு மாறியது 1930இல். நாட்டின் அரசியலமைப்புக்கே அம்மொழியில் அதிகாரபூர்வமான வாசகம் கிடைத்தது 1967இல்! பெரும்பான்மையான மக்கள் இதற்காக 136 ஆண்டுகள் காத்திருந்தனர். நாட்டைப் பிளந்தது எது? சமஷ்டியா, இந்தத் தாமதமா?

இரண்டாவது கேள்வி: சமஷ்டியைக் கேட்டவர் யார்? பிளெமிஷ் மக்கள் மாத்திரமல்லர். நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நலிவுற்ற வலோனியாவிலே, 1960-61 பெரும் வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சங்கத் தலைவர் ஆந்திரே ரெனார் அதே கோரிக்கையை எழுப்பினார். ஒரு சாரார் மொழிக்காகக் கேட்டனர். மறு சாரார் சோற்றுக்காகக் கேட்டனர். 1962-63இல் மொழி எல்லை சட்டத்தால் வரையப்பட்டது. 1968இல் லூவன் பல்கலைக்கழகத் தகராற்றிலே அரசாங்கம் கவிழ்ந்தது. 1970இல் தொடங்கிய சீர்திருத்தம் படிப்படியாக வளர்ந்து, 1993இல் பெல்ஜியம் சமஷ்டி அரசு என்று அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையிலேயே பொறிக்கப்பட்டது.

மூன்றாவது கேள்வி: சிறுபான்மையோருக்குக் காப்பு என்ன? வாக்குறுதிகள் அல்ல, உறுப்புரைகள். பிரதம மந்திரி நீங்கலாக, மந்திரிசபையில் இரு மொழியினரும் சரிசமமாக அமர வேண்டும். சமஷ்டி ஏற்பாட்டின் அத்திவாரமான விசேட சட்டங்களுக்கு, மொத்தத்தில் மூன்றிலிரண்டு வாக்குகளோடு ஒவ்வொரு மொழிக் குழுவினரின் பெரும்பான்மையும் தேவை. பாராளுமன்றத்தில் ஒரு மொழிக் குழுவின் நான்கில் மூன்று பங்கினர், "இம்மசோதா எம் உறவைக் கெடுக்கும்" என்று முறையிட்டால் அது நிறுத்தி வைக்கப்படும். முதலாம் உலகப் போரின் பின் பெல்ஜியத்துடன் சேர்ந்த ஜெர்மன் மொழியினர் ஏறக்குறைய 80,000 பேரே. அவர்களுக்கும் ஒய்ப்பன் நகரிலே தனிப் பாராளுமன்றம் உண்டு! தலைகளை எண்ணிப் பார்த்தா உரிமையை அளந்தார்கள்?

குறைகள் இல்லையா? உண்டு. பெருங் கட்சிகள் மொழிவாரியாகப் பிளவுண்டன. மந்திரிசபை அமைப்பது மாதக்கணக்காக இழுபடுகிறது. நாம் மறைக்கவில்லை. ஆயினும் அந்த 541 நாட்களிலே நடந்ததென்ன? காபந்து அரசாங்கமும் பிராந்திய அரசாங்கங்களும் கடமையைச் செய்தன. 2010இன் பிற்பாதியில் ஐரோப்பிய ஒன்றியச் சபையின் தலைமைப் பொறுப்பைக்கூட அந்நாடு வகித்தது. உள்நாட்டுப் போர் மூளவில்லை. மேசையைச் சுற்றிப் பேசிக் கழித்த 541 நாட்கள், பேச மறுத்துக் கழித்த 136 ஆண்டுகளைவிடக் கேடானவையா?

இறுதியாக ஒன்று. பிளாண்டர்ஸ் சுதந்திர நாடாக வேண்டும் என்பதைத் தன் யாப்பிலேயே எழுதி வைத்திருக்கும் கட்சியின் தலைவர் பார்ட் டி வேவர், 2025 பெப்ரவரியில் பெல்ஜிய மன்னர் முன்னிலையில் சத்தியம் செய்து பிரதம மந்திரியானார். பிரிவினை கேட்டவரையும் பொது மேசைக்கு அழைத்து, பொறுப்பைத் தோளில் ஏற்றிய அமைப்பு எது? சமஷ்டி!

சாட்சியை நாம் அழைக்கவில்லை, எதிர்த்தரப்பார் அழைத்தனர். அவர் வாக்குமூலம் இதுதான்: பங்கிட்டுக் கொடுத்த நாடு பிரியவில்லை, பங்கிட மறுத்த காலத்திலேதான் பிளவு வேர்விட்டது. தீர்ப்பை வாசகர்களிடமே விடுகிறோம்.