காலைச் சுற்றும் வயர்! பிளக் பாயிண்ட் போடத் தரையை உடைக்க வேண்டுமா?

திண்டுக்கல் என்றால் பூட்டு. கதவுக்குப் பூட்டுப் போடுவதில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அதே கதவைத் திறந்து உள்ளே போனால்?

கூடத்தில் இருந்து சமையல்கட்டுக்கு ஒரு வயர் ஓடுகிறது. கட்டிலுக்கு அடியில் இன்னொரு வயர். கதவு நிலையைத் தாண்டி மூன்றாவது வயர். எல்லாம் ஒரே ஒரு பிளக் பாயிண்டில் போய்ச் சேருகிறது!

வாசலில் பூட்டு. தரையில் எமன்!

"இன்னொரு பிளக் பாயிண்ட் போட்டுக் கொண்டால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். நாகல்நகரில் கேட்டாலும் பேகம்பூரில் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"கான்கிரீட் வீடுங்க. தரையை உடைக்கணும், சுவத்தை உடைக்கணும். யாரால முடியும்?"

இந்தப் பதிலில் பாதி உண்மை. பாதி பயம். அந்தப் பாதி பயத்தால்தான் வயர் தரையில் கிடக்கிறது.

விளக்குக்குப் போட்ட வயரிங்

இந்த நிலைமை ஏன் வந்தது?

மின்வாரியம் 1957-ல் அமைக்கப்பட்டது. அந்தக் காலத்து வீட்டில் மின்சாரம் என்றால் விளக்கு. வசதி இருந்தால் ஒரு மின்விசிறி, ஒரு ரேடியோ. அதற்கு ஒரு பிளக் பாயிண்ட் தாராளம்.

பிறகு பொருள்கள் வந்தன. 2006-ல் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தது. ஏழை வீட்டுப் பெண்களின் கைவலி குறைந்தது. நல்ல காரியம்.

ஆனால் மிக்சி வந்தது, கிரைண்டர் வந்தது. அவற்றோடு பிளக் பாயிண்ட் வரவில்லையே!

வீடும் மாறியது. 2010-ல் கலைஞர் வீட்டு வசதித் திட்டம். 2011-ல் 300 சதுர அடி பசுமை வீடு. 2024-ல் 360 சதுர அடி கலைஞரின் கனவு இல்லம். குடிசைகள் கான்கிரீட் வீடுகள் ஆயின.

கான்கிரீட் வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. தளம் போடுவதற்கு முன்பே, கம்பி கட்டும்போதே, வயர் போகும் பைப்பையும் பதித்துவிட வேண்டும். அன்றைக்கு மறந்தால் மறந்ததுதான். பிறகு உளியும் சுத்தியலும்தான் பேசும்.

கணக்குப் பாருங்கள்

சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். பெரியது 16 ஆம்பியர். வீட்டுக்கு வருகிற மின்சாரம் 230 வோல்ட்.

1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வெந்நீர் போடும் 1,500 வாட் கம்பி ஆறரை ஆம்பியர். 2,000 வாட் கரண்ட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர்.

அதாவது வெந்நீர்க் கம்பி ஒன்றே சின்னப் பாயிண்டுக்கு அதிகம்! அதோடு இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் சொருகினால் 11 ஆம்பியர் ஆகிவிடுகிறது.

கரண்ட் இரண்டு மடங்கு ஆனால் வயரில் சூடும் இரண்டு மடங்கு என்று நினைக்க வேண்டாம். நாலு மடங்கு! மெல்லிய வயரைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் போட்டால் அந்தச் சூடு வெளியே போக வழி இல்லை. மேலே இருக்கிற பிளாஸ்டிக் இளகும். முதலில் கருகின வாடை வரும். வாடை வந்த பிறகும் "பழசு, அப்படித்தான்" என்று விட்டால் அடுத்து வருவது நெருப்பு.

சிலர் பிளக்கே இல்லாமல் வயரைச் சொருகி, தீக்குச்சியைச் செருகி நிறுத்துகிறார்கள். அது சிக்கனம் இல்லை. தற்கொலை!

சிமெண்ட் தரை காப்பாற்றாது

"செருப்பு இல்லாட்டி என்ன? டைல்ஸ் தரைதானே!" என்கிறார்கள். தப்பு.

சிமெண்ட் தரை ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். ஈரம் இருந்தால் கரண்ட் போக வழி இருக்கிறது என்று அர்த்தம். டைல்ஸ் போட்டாலும், வீடு கழுவிய தண்ணீர் நின்றால் அதே கதைதான். வெறுங்காலோடு நிற்கிறவரின் உடம்பு வழியாக கரண்ட் பூமிக்கு இறங்கும்.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்? ஒரு 60 வாட் குண்டு பல்பு எரிய 260 மில்லி ஆம்பியர் வேண்டும். கையில் பிடித்த வயரை விட முடியாதபடி செய்வதற்கு ஆண்களுக்குச் சுமார் 16 மில்லி ஆம்பியர் போதும். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. இதை ஆட்களை வைத்தே சோதித்துச் சொன்னவர் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல்.

பல்பு எரிய வேண்டியதில் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவுதான் மனிதனின் பலம்!

பாறை ஊரில் எர்த்

"எங்க வீட்டில் எர்த் இருக்கு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

இது மலைக்கோட்டை ஊர். சுற்றிலும் வறண்ட பூமி, பாறை. எர்த் நன்றாக வேலை செய்ய மண்ணில் ஈரம் வேண்டும். அதற்காகத்தான் எர்த் குழியில் உப்பும் கரியும் போடுகிறார்கள்; கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள். வீடு கட்டிய அன்று ஊற்றியதோடு மறந்துவிட்ட வீடுகள் எத்தனையோ!

மண் காய்ந்து எர்த்தின் தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். கிரைண்டர் உடம்பில் கரண்ட் கசிந்தால் பூமிக்குப் போவது பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. கிரைண்டர் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். தொட்டவர் கதி?

இதற்கு மருந்து ஆர்.சி.டி. என்கிற கருவி. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்த்துக் கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் கண் இமைப்பதற்குள் லைனைத் துண்டித்துவிடும். மின்வாரியமே இதைப் பொருத்தச் சொல்லிக் கேட்டுக் கொள்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

தரையைத் தொடவே வேண்டாம்

சரி, பிளக் பாயிண்டுக்கு வருவோம். தரையை உடைக்க வேண்டுமா?

பெரும்பாலான வீடுகளில் வேண்டியதே இல்லை!

முதல் வழி: சுவருக்கு அந்தப் பக்கம் பார்ப்பது. அடுத்த அறையில் அதே சுவரில் பெட்டி இருந்தால், ஒரு துளை போட்டு இந்தப் பக்கம் பாயிண்ட் எடுத்துவிடலாம்.

இரண்டாவது வழி: கேசிங். சுவர் ஓரமாகப் பிளாஸ்டிக் பட்டியைத் திருகி, அதற்குள் வயரை விட்டு மூடிவிடுவது. அழகு கொஞ்சம் குறையும். உயிர் மிஞ்சும்.

மூன்றாவது வழி: செங்கல் சுவரில் காடி வெட்டிப் பைப் பதிப்பது. மேலிருந்து கீழாக வெட்ட வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் குறுக்கே நீளமாக வெட்டினால் சுவர் பலம் போகும். தூண், உத்தரம், மேல்தளம் மூன்றிலும் உளி படக் கூடாது. அங்கேதான் வீட்டைத் தாங்கும் கம்பி இருக்கிறது.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடை நடுவில் மேஜை, அதன் மேல் தராசு, பில் மிஷின். அதற்கும் தரையைப் பிளக்க வேண்டாம். மேலே இருந்து ஒரு குழாய் இறக்கி அதில் லைன் கொண்டு வரலாம். தரை வழியாகத்தான் வேண்டும் என்றால், புதுத் தரை போடும் நாளில் பைப்பையும் சேர்த்துப் பதிப்பதுதான் புத்தி.

எந்த வழி ஆனாலும் சில விஷயங்களில் விட்டுக் கொடுக்கக் கூடாது. 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். மெயினில் இருந்து தனி லைன், தனி எம்.சி.பி. எர்த் வயர் கட்டாயம். விளக்கு லைனில் ஒட்டுப் போட்டு எடுக்கவே கூடாது. வேலை செய்பவர் உரிமம் உள்ள கம்பியாளாக இருக்க வேண்டும். "தெரிஞ்ச பையன்" போதாது. ஏ.சி. போன்ற பெரிய பொருள் வந்தால் மின்வாரியத்தில் சொல்லி லோடைக் கூட்டிக் கொள்ள வேண்டும்.

வாடகை வீட்டுச் சண்டை

இவ்வளவும் சொந்த வீட்டுக்காரருக்குச் சரி. குடியிருப்பவர் என்ன செய்வார்?

"சார், சமையல்கட்டில் ஒரு பாயிண்ட்..."

"சுவத்தில் ஆணி அடிக்கவே விட மாட்டேன். பாயிண்டாம் பாயிண்ட்!"

பேச்சு அதோடு முடிந்தது. மறுநாள் கடைத்தெருவில் இருந்து ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வீட்டுக்கு வருகிறது.

வீட்டுக்காரரின் பயமும் நியாயம்தான். காடு மேடு விற்று, கடன் வாங்கிக் கட்டிய வீடு. வருகிறவர் எல்லாம் உடைத்தால் சுவர் என்ன ஆகும்? ஆனால் தீப்பிடித்தால் எரிவதும் அதே சுவர்தானே! பல மாத வாடகையை முன்பணமாக வாங்கும் வீட்டுக்காரர், தாம் நம்புகிற கம்பியாளையே அனுப்பிக் கேசிங் முறையில் ஒரு பாயிண்ட் போட்டுக் கொடுப்பது பெரிய செலவு ஆகாது. முடியாது என்றால் செலவில் பாதியைக் குடியிருப்பவர் ஏற்கட்டும். காலி செய்து போகிறவர் பிளக் பாயிண்டைக் கழற்றிக் கொண்டு போகப் போவதில்லை!

ஆறடிக்கு ஒன்று

அமெரிக்காவில் வீடுகளுக்கு ஒரு விதி உண்டு. அறையின் சுவரோரம் எந்த இடத்தில் பொருளை வைத்தாலும் 6 அடிக்குள் ஒரு பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். நீள வயருக்கே வேலை இல்லை.

2014-ல் மாநகராட்சி ஆன ஊர் திண்டுக்கல். புதுப்புது நகர்கள் எழும்புகின்றன. வீடு கட்டுகிறவர் வாஸ்து பார்க்கிறார், நிலைவாசல் அளவு பார்க்கிறார், சன்னல் எத்தனை என்று எண்ணுகிறார். பிளக் பாயிண்ட் எத்தனை என்று எண்ணுகிறாரா? தளம் போடுவதற்கு முந்தின நாள், வீட்டுப் பெண்களைக் கூட்டிப் போய் "மிக்சி எங்கே, கிரைண்டர் எங்கே, துணி துவைக்கிற மிஷின் எங்கே" என்று கேட்டு சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டால் போதும். அன்றைக்குச் செலவு சில அடி பைப். அரசு கட்டித் தரும் வீடுகளிலும் இந்தக் கணக்கு வரைபடத்திலேயே இருக்க வேண்டும்.

காலைச் சுற்றின பாம்பு கடிக்காமல் விடாது என்பார்கள். வயரும் அப்படித்தான்.

பூட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கும் ஊர் இது. அந்தக் கை, இன்று ராத்திரி படுக்கும் முன் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வயரையும் ஒரு தடவை பார்க்கட்டும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு!