தூங்கட்டும் என்று விட்டுவிட்டால்...

அளவுக்கு மீறித் தூக்க மாத்திரையோ வேறு போதைப் பொருளோ எடுத்துக்கொண்ட இளைஞன் ஒருவன் கட்டாந்தரையில் குப்புறக் கிடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது முன்கை நெஞ்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு, 'தெளியட்டும்' என்று அறை நண்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பெங்களூர் ஆடுகோடியின் வாடகை அறைகளில் நடக்கக்கூடியது சென்னையிலும் கோவையிலும் நடக்கலாம். மூச்சு நின்றுவிடும் ஆபத்து பலருக்குத் தெரியும். அந்தக் கைக்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது.

சாதாரணத் தூக்கத்தில் கை மரத்துப்போனால் நாம் புரண்டு படுக்கிறோம். போதையில் கிடப்பவன் புரள்வதில்லை. கை கால்களில் தசைகள் கட்டுக்கட்டாக உறைகளுக்குள் இருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே மட்டும் இப்படி நான்கு அறைகள். உறை எளிதில் விரிந்து கொடுக்காது. உடலின் பாரம் மணிக்கணக்கில் அழுத்தும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. பட்டினி கிடக்கும் தசை வீங்குகிறது. வீங்க வீங்க உள்ளே அழுத்தம் இன்னும் ஏறுகிறது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பது டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர். நான்கு மணி நேரம் வரை தசை தாக்குப்பிடிக்கலாம். ஆறு, எட்டு மணி நேரம் ஆகிவிட்டால் அழிந்த தசை திரும்பி வராது.

1979-ல் அமெரிக்காவின் சான்டியாகோவில் ஆய்வாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். போதையில் கிடந்தவர்கள் எந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டார்களோ அதே நிலையில் தொண்டர்களைப் படுக்க வைத்து, தசைக்குள் அழுத்தத்தைக் கணக்கெடுத்தார்கள். ஒரு காலை மடித்து அதன் மேல் மறு கால் கிடந்தால் 72 மில்லிமீட்டர் பாதரசம். முன்கை விலா எலும்புகளுக்கு அடியில் சிக்கினால் 178. இயல்பாக அது 10-ஐத் தாண்டுவதில்லை.

இனிமேல்தான் விஷயம் சிக்கலாகிறது. அவனைப் புரட்டிப் போட்டு, கையை விடுவித்ததும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. நின்றிருந்த ரத்தம் மறுபடி பாயும்போதுதான் வீக்கம் வேகமாக ஏறுகிறது. காலையில் லேசாகச் சிவந்திருந்த கை, மாலையில் கல்லாக இறுகிவிடலாம். நாடித்துடிப்பு பெரும்பாலும் கிடைத்துக்கொண்டே இருக்கும். 'ரத்த ஓட்டம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று ஏமாற வைப்பதும் அதுதான். கண் விழித்தவன் கை மரத்துவிட்டது, விரலை அசைக்க முடியவில்லை என்றால் பக்கவாதம் என்றோ, வெறும் நரம்பு அழுத்தம் என்றோ நினைத்துவிட இடமுண்டு. குடித்துவிட்டு நாற்காலியில் கையைத் தொங்கவிட்டுத் தூங்குபவருக்கு மணிக்கட்டு தொய்ந்துபோவதுண்டு. 'சனிக்கிழமை இரவு வாதம்' என்று அதற்குக் கிண்டலாக ஒரு பெயர்கூட இருக்கிறது. அது பெரும்பாலும் தானாகச் சரியாகும். இது ஆகாது. விரலை மெதுவாகப் பிறர் நீட்டிவிடும்போதே உயிர் போகும் வலி என்றால் சந்தேகம் வர வேண்டும்.

கையோடு போனாலும் பரவாயில்லை. 1941-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் லண்டன் வீடுகள் இடிந்தபோது, இடிபாடுகளிலிருந்து நன்றாக மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு டாக்டர்கள் பதிவு செய்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசியும் மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கிறது. பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். இடிந்த சுவரின் வேலையை இங்கே சொந்த உடம்பின் எடையே செய்கிறது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது.

நம் வீடுகளில் உடனே நடப்பது எண்ணெய் போட்டு உருவிவிடுவது, இல்லாவிட்டால் துணியால் இறுகக் கட்டுவது. இரண்டும் கெடுதல். தலையணை அடுக்கி உயரத் தூக்கி வைப்பதும் வேண்டாம். இதய மட்டத்தில் இருந்தால் போதும்.

மருத்துவமனையில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுகிறார்கள், சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், தேவைப்பட்டால் டயாலிசிஸ். அழுத்தம் ஆபத்தான அளவென்றால் உறையை நீளவாக்கில் கீறித் திறந்துவிடுவார்கள். காயத்தைச் சில நாட்கள் திறந்தே வைத்திருப்பார்கள். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் கையைக் காப்பது அதுதான். ரொம்பத் தாமதமாக வந்தால் கீறுவதே கிருமித் தொற்றுக்கு வழிவிடலாம் என்பதால் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் தயங்குகிறார்கள்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் போலீஸ் பயம். தனியாரானாலும் அரசானாலும் டாக்டர் முதலில் உயிரைக் காக்க வேண்டும், போலீஸ் சம்பிரதாயம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துவிட்டது. தற்கொலை முயற்சி என்றால் 2017-ம் வருட மனநலச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு முன்வந்தால், வைத்திருந்தது சிறிய அளவென்ற நிலையில், போதைப் பொருள் சட்டமும் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது.

ஆடுகோடிக்காரர்களுக்கு மயக்கம் என்றாலே பக்கத்திலிருக்கும் நிம்ஹான்ஸ்தான் நினைவுக்கு வரும். அது மனநலத்துக்கும் நரம்பியலுக்குமானது. இதற்குத் தேவை அறுவைச் சிகிச்சையும் டயாலிசிஸும் ஒரே கூரையின் கீழ் உள்ள பொது மருத்துவமனை. கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: கடைசியாக எத்தனை மணிக்கு நடமாடினான், எந்தப் பக்கம் கிடந்தான், என்ன விழுங்கினான். காலி மாத்திரை அட்டை கிடந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.